வந்துகொண்டிருந்த கப்பல்

“நீயும் உன்ர புள்ளடியும். உருளைக்கிழங்கு மசியலை விட்டா இந்தக் கப்பல்ல வேற சாப்பாடு இல்லை, அதுக்குத் தூவ ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் இல்லை, கால் ரெண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு, நீ அங்கை கரையில குடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு எனக்கு நியாயம் கதைக்கிறாய்” என்று பிலேந்திரன் தொலைபேசிக்குள் கத்த, “நான் குடையை மடக்கிப்போட்டு நனைஞ்சா உங்கட கால் வத்துமெண்டால் சொல்லுங்கோ, இப்பவே மடக்கிறன்” என்று மெற்றில்டா திருப்பிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கப்பலின் இரண்டாம் தட்டில் கம்பியைப் பிடித்தபடி மஞ்சள் மழைச்சட்டையோடு நின்ற ஒரு புள்ளியை, தன்னைக் கட்டிய புள்ளியை, கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

கப்பல் அவ்வளவு கிட்டத்தில்தான் நின்றது. நின்றது என்று சொல்வதும் பிழை, அது வந்துகொண்டிருந்தது. புகைபோக்கியில் புகை வந்தது, முன்மூக்கில் நுரை பிரிந்தது, மாலுமிகள் கயிறு எறிய ஆயத்தமாகக் கயிற்றைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஆனால் அது எவ்வளவு தூரம் முன்னுக்கு வந்ததோ அவ்வளவு கடல் அதற்கும் கரைக்கும் நடுவில் புதிதாக முளைத்தது. கப்பல் தலைவன் சலித்துப்போய் ஒருநாள் கப்பலைத் திருப்பி அக்கரைக்கே ஓட்டிப் பார்த்தான், அங்கேயும் அதே கதை. ஆகவே மறுபடி இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சம்பளத்துக்கு வந்தவன் என்ன செய்வான், வந்துகொண்டே இருந்தான்.

தீவு, அக்கரை நாடுகளின் ஒன்றியத்தை விட்டு விலகிய கிழமையில்தான் இது தொடங்கியது. மணி அடித்தார்கள், கொடி ஆட்டினார்கள், குடித்தார்கள், விடிந்ததும் எல்லாரும் தலையிடியோடு வேலைக்குப் போனார்கள். பிலேந்திரன் வழக்கம்போலப் புதன்கிழமை வான் வண்டியை எடுத்துக்கொண்டு பாரிசுக்குப் போய், லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் தங்கள் கடைக்கு முருங்கைக்காயும் வாழைப்பூவும் தண்டுக்கீரையும் உறையவைத்த மீனும் ஏற்றிக்கொண்டு வியாழன் மத்தியானக் கப்பலைப் பிடித்தார். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சமைக்கிற வீடுகள் அந்தத் துறைமுகப் பட்டினத்தில் கணக்க இருந்தன. தான் கிறிஸ்தவ வேதக்காரனாக இருந்தாலும் சனத்தின் வெள்ளிக்கிழமையைப் பிழையாகப் போகவிடக் கூடாது என்பது அவருடைய வியாபார தர்மம். கப்பல் நேரத்துக்கு வெளிக்கிட்டது, நேரத்துக்குக் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு கண்ணிலேயே பட்டுக்கொண்டிருந்தது.

வாக்குச்சீட்டில் போட்ட அந்தப் புள்ளடியின் கதை வேறு. விலகுவதா இல்லையா என்ற வாக்கெடுப்புக்கு முந்திய கோடையில், தமிழ்ச் சங்கத்தின் விளையாட்டுப் போட்டிக்கு ஒரு அரசியல்வாதி வந்து, மாலை போட்டு, உளுந்து வடை தின்று, கயிறிழுத்தலுக்குக் கைதட்டி, “ஒன்றியத்திலயிருந்து வாறவங்களுக்குக் கதவு பூட்டினால்தான் உங்களுக்குக் கதவு திறக்கும், உங்கட சமையல்காரருக்கும் மச்சான்மாருக்கும் விசா வரும்” என்று சொல்லிவிட்டுப் போனான். சங்கத் தலைவர் குணசீலன் அதை ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லி, எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போடவேண்டும் என்று கரும்பலகையில் கீறியும் காட்டினார். மெற்றில்டாவுக்கு மச்சான்மாரில் ஒரு அக்கறையும் இல்லை. அவளுக்கு எரிச்சல் எல்லாம் எதிர்க்கடை டானுத்தாவில். அந்தப் போலந்துக்காரி வரும்போது கோவா என்கிற முட்டைக்கோசு ஊறுகாயும் சொசேசும்தான் விற்றாள், பிறகு பார்த்தால் தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பால், பிறகு சின்ன வெங்காயம், அதுவும் இவர்கள் விலைக்குக் கீழே. “உவள் போனாத்தான் எங்களுக்கு விடிவு” என்று மெற்றில்டா சொன்னாள். “எனக்கெண்டால் மனமில்லை” என்று முனகிக்கொண்டு பிலேந்திரன் போய்ப் புள்ளடியைப் போட்டார்.

டானுத்தா போகவில்லை. அவளுடைய தம்பி ஸ்லாவெக்கும் அதே கப்பலில், நீலப் பீப்பாக்களில் கோவா ஊறுகாய் ஏற்றிய லொறியோடு நின்றுகொண்டிருந்தான். எதிர்க்கடைக்காரிகள் இருவரும் தடுப்புச்சுவரில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கை காட்டவேண்டி வந்தது. முதல் சில நாள் அவளும் இவளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் முதலில் அழுதது, பிறகு பழகியது. துறைமுகப் பலகை “வந்துகொண்டிருக்கிறது” என்று காட்டியது பொய்யும் அல்ல என்பதால் அதை ஒருவரும் மாற்றவில்லை. நகரசபை தடுப்புச்சுவருக்குப் பக்கத்தில் சனம் இருக்க வாங்குகள் போட்டது, பிறகு வாகனத் தரிப்புக்குக் காசு அறவிட்டது. காப்புறுதிக்காரன், கண்ணுக்குத் தெரிகிற கப்பலைத் தொலைந்தது என்று சொல்ல ஏலாது, கரை சேராததைச் சேர்ந்தது என்றும் சொல்ல ஏலாது என்று கோப்பை மூடினான். வெள்ளைக்கார லொறிச்சாரதி ஒருவனின் மகள் கரையிலேயே கலியாணம் முடித்தாள், தகப்பன் மேல்தட்டில் நின்று வெள்ளைத் துணியை ஆட்டி ஆசீர்வதித்தான். அமைச்சர் ஒருவர் வந்து, காற்றில் தலைமயிர் பறக்க, “எமது கடல் முன்னெப்போதையும் விடப் பெரிதாகியிருக்கிறது, இது எங்கள் சொந்தக் கடல்” என்று சொல்லிவிட்டு மழைக்கு முன் காரில் ஏறினார். கன்னியாஸ்திரிகளிடம் படித்த மெற்றில்டாவுக்கு அவருடைய இலக்கண சுத்தமான ஆங்கிலத்தைக் கேட்கப் பொறுக்கவில்லை. இப்படி வடிவாகப் பேசுகிறவன் ஒருத்தனும் ஒருநாளும் தக்காளி வாங்கப் போயிருக்க மாட்டான்.

தக்காளி இல்லாமல்தான் முதலில் போனது. பிறகு கீரை, பிறகு தோடம்பழம், பிறகு பிள்ளைகளின் பால்மா. வயலில் ஸ்ட்ராபெரி ஆய வந்த கைகளெல்லாம் தங்கள் தங்கள் ஊருக்குப் போய்விட்டதால் பழம் செடியிலேயே அழுகி, தெற்குக் காற்றடித்தால் பட்டினம் முழுக்கக் கெட்ட வைன் மணந்தது. வயோதிபர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்ட ஆளில்லாமல் கிழமைக்கு ஒருநாள் என்று முறை வைத்தார்கள். கொடி ஆட்டிய மீனவர்கள் பிடித்த நண்டை வாங்குகிற ஆட்கள் எல்லாம் அக்கரையில் இருந்தார்கள், நண்டு கூடைக்குள் ஒன்றையொன்று தின்றது. குணசீலன் வாக்குறுதி வாங்கித் தந்த விசா ஒன்றும் வரவில்லை. மெற்றில்டாவின் கடையில் கடைசியாக மிஞ்சியது சாம்பிராணியும் தொலைபேசி அட்டையும்தான். வீட்டில் சமையலும் சோலியுமாக இருந்தவள் கடையில் வந்து குந்தி, வருகிற சனத்திடம் “இல்லை” என்று சொல்வதையே தொழிலாகச் செய்தாள்.

இதற்குள் பிலேந்திரனின் நீரிழிவு மருந்துக் குளிசை முடிந்துபோனது. குதிகாலில் ஒரு புண். முதல்நாள் “சின்னக் காயம்” என்றார். அடுத்த கிழமை அதைப்பற்றிப் பேசவே மாட்டேன் என்றார், அதிலிருந்துதான் அவளுக்குப் பயம் பிடித்தது. பாசையூர் மீன்பிடிக் கரையில், படகுகள் வைத்திருந்த சம்மாட்டி வீட்டில் பிறந்தவள் அவள், கடலுக்குப் பயந்த ஆள் இல்லை. நண்டுக்காரன் ஒருவனின் படகைப் பிடித்து, குளிசைப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு, கப்பலை நோக்கி வெளிக்கிட்டாள். விடிய வெளிக்கிட்ட படகு பொழுதுபடும் வரை ஓடியது, எண்ணெய்தான் முடிந்தது. திரும்பிப் பார்த்தால் கரை மட்டும் நல்ல பிள்ளை மாதிரி அதே இடத்தில். கப்பலிலிருந்தும் ஒரு இளம் சாரதி குதித்து நீந்திப் பார்த்தான். நாள் முழுக்க நீந்தி, கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் கிடந்து, கடைசியில் கயிறு போட்டு அவனைத் திரும்ப இழுத்தெடுத்தார்கள். ஆள் என்று எதையும் அந்தக் கடல் விடவில்லை.

ஆனால் சாமானை விட்டது. அதைக் கண்டுபிடித்ததும் பிலேந்திரன்தான். குளிரூட்டிய வானுக்குள் வைத்திருந்த முருங்கைக்காயும் கடைசியில் வாடத் தொடங்கியபோது, பழுதாக்க மனமில்லாமல், கட்டுக் கட்டாகக் கடலில் எறிந்தார். அடுத்த வற்றுப்பெருக்கோடு அவை அழகாக வந்து கரையில் ஒதுங்கின. அந்த வெள்ளிக்கிழமை ஊரெல்லாம் முருங்கைக்காய்க் குழம்பு. “உங்கட மனுசன் எங்களை மறக்கேல்லை அக்கா” என்று சனம் மெற்றில்டாவின் கையைப் பிடித்தது. பிறகு மற்றச் சாரதிமாரும் எறிந்தார்கள். சீஸ் வந்தது, தோடம்பழம் வந்தது, ஒலிவ எண்ணெய் வந்தது, ஒருநாள் ஒரு லொறி நிறையச் சவர்க்காரம் வந்து அலையெல்லாம் நுரைத்தது. மெற்றில்டா குளிசைப் பொதியைக் கடலில் எறிந்து பார்த்தாள், அது மட்டும் அவளுடைய காலடிக்கே திரும்பி வந்தது.

சுங்கத்துக்காரர் சும்மா இருப்பார்களா. கரையில் வைத்துத் திறந்தால் அது இறக்குமதி, வரி உண்டு, வைத்தியச் சான்று உண்டு, முத்திரை உண்டு. திறக்காமல் மூடியபடி கிடந்தால் அது கடல் ஒதுக்கிய பொருள், ஒருவரும் வாங்கவுமில்லை விற்கவுமில்லை, நகரசபை ஏலம் விடலாம். இப்படி ஒரு வழியை அவர்களே கண்டுபிடித்து அவர்களே மகிழ்ந்தார்கள். அன்றிலிருந்து கரையில் எதையும் திறக்கக் கூடாது என்று பலகை போட்டு, பச்சைச் சட்டை போட்ட காவலர்களை நிறுத்தினார்கள். பெட்டி மூடியபடி வந்தது, மூடியபடி ஏலம் போனது, மூடியபடி களஞ்சியத்துக்குள் போய், கடைக்கு எடுக்கிற கிழமை வரும் வரை கதவு இழுத்துப் பூட்டப்பட்டது. நல்ல ஏலக்காரன் பெட்டியைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லப் பழகினான். குணசீலன் அதில் கைதேர்ந்த விண்ணன். மூடிய கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, சாமான் ஏற்ற உழவு இயந்திரங்கள் வந்தன, இளந்தாரிகளுக்கு வேலை கிடைத்தது. கப்பல் எறிவதில் ஊர் தின்றது.

சங்க மண்டபத்தில் கூட்டம் என்று அறிவித்தபோது, அந்தரித்துப்போய் நிற்கிறவர்களை இறக்கத்தான் ஏதோ செய்யப்போகிறார்கள் என்று மெற்றில்டா சேலை மாற்றிக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால், நகரசபைக்கு ஒரு மனு. கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திசைமாற்ற மேலிடத்தில் பேச்சு நடக்கிறதாம், அதை விடக்கூடாதாம், கப்பல் எங்கள் முன்னாலேயே நிற்கவேண்டுமாம்.

“அண்ணை, அதுக்குள்ள என்ர மனுசன் நிக்கிறார்” என்றாள் மெற்றில்டா.

“ஆரம்மா இல்லையெண்டது. பிலேந்திரன் எங்கட பிள்ளையெல்லோ” என்றார் குணசீலன். “ஆனா தங்கச்சி, நீர் படிச்ச ஆள், யோசிச்சுப் பாரும். அந்தக் கப்பல் நாளைக்கு வந்து கட்டினா என்ன நடக்கும்? அவ்வளவு சாமானுக்கும் வரி. இவ்வளவு கடையும் திரும்பப் பூட்டு. என்னட்டை வேலை செய்யிற பெடியளுக்கு நான் என்ன சொல்லுறது?”

“பெடியளுக்குச் சொல்லுங்கோ, உங்களுக்குக் கரும்பலகையில கீறத் தெரியுமெண்டு.”

யாரோ பின்னுக்குச் சிரித்தார்கள். குணசீலன் சிரிக்கவில்லை. “கீறினது நான், போட்டது நீங்கள். உதுகளை இனிக் கிளறி என்ன? அவருக்கென்ன குறை? சாப்பாடு குடுக்கிறாங்கள், கூரை இருக்கு. இஞ்ச எத்தினை பேருக்கு அது இல்லை தெரியுமே?”

“காலில புண் அண்ணை. குளிசை இல்லை.”

பிறகு ஒரு அம்மா எழும்பி, எறிகிற சாமானில் இந்தக் கிழமை கடலைமா இருக்குமோ, பிலேந்திரனிடம் ஒருக்கால் கேட்டுச் சொல்ல முடியுமோ என்றாள். மெற்றில்டா அவளுக்கு என்ன சொன்னாள் என்பதை ஃபாதரிடம்கூடச் சொல்லவில்லை.

வெளியே டானுத்தா நின்றாள். அவளை உள்ளே விடவில்லை, சங்கத்தின் ஆள் இல்லையே. “என்ன முடிவு?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“எங்கட ஆட்களுக்குக் கடலைமா வேணுமாம்.”

“எங்கட ஆட்களுக்கு ஊறுகாய் வேணுமாம்” என்றாள் டானுத்தா. “மாதா கோயிலில வைச்சே கேட்டாங்கள்.” பிறகு தன் சட்டைப்பையிலிருந்து அரைவாசி சொக்கிலேற்றை உடைத்து நீட்டினாள். மெற்றில்டா வாங்கித் தின்றாள். எதிர்க்கடைக்காரியிடம் அவள் வாங்கிய முதல் சாமான் அது.

அடுத்தநாள் காலை பிலேந்திரன் தொலைபேசியில் எடுத்தபோது குரலில் சண்டை இல்லை. அதுவே அவளை உலுக்கியது.

“இஞ்ச பார் மெற்றில்டா. கால் கறுத்துக்கொண்டு வருது. இனிச் சரிவராது. நானும் ஸ்லாவெக்கும் ஒரு வழி பார்த்திருக்கிறம்.”

“என்ன வழி? குதிக்கிற கதையெண்டால் கதைக்காதேங்கோ.”

“குதிக்கேல்லை. சாமானா வாறம்.” அவர் மூச்சு வாங்கினார். “நான் இந்தத் தீவுக்கு முதல் வந்தது எப்பிடி? பாஸ்போட்டைக் காட்டியே? வெங்காய மூட்டைக்குள்ள சுருண்டு கிடந்து, லொறியோட வந்தனான். ஆள் எண்டு தெரிஞ்சா எந்தக் காலத்திலயும் விடாங்கள். கோவாப் பீப்பா ரெண்டை வெறுமையாக்கி, காத்துக்கு ஓட்டை போட்டிருக்கிறம். இறுக்கி மூடிவிட ஆள் இருக்கு.”

“மூடினா உள்ளேயிருந்து திறக்கலாமோ?”

“ஏலாது. அதுக்குத்தானே நீ கரையில நிக்கிறாய். வந்த உடனே திற. ஒருத்தருக்கும் வாய் விடாதே, கேள்விப்பட்டா ஆள் வருகுது எண்டு தடுப்பாங்கள்.”

“எந்தப் பீப்பா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு துணியைக் கட்டிவிடுங்கோ. உங்கட மஞ்சள் சட்டையைக் கட்டுங்கோ.”

“உனக்கு விசரே” என்றார் அவர், பழைய குரல் கொஞ்சம் திரும்பிவந்து. “அடையாளம் வைச்சா கடலுக்குத் தெரிஞ்சுபோம். அண்டைக்கு லொறிக்காரன் சொன்னவன், கணக்க மூட்டைக்குள்ள ஒரு மூட்டையாக் கிடந்தாத்தான் தப்பலாமெண்டு. அதால லொறியில மிச்சம் இருக்கிற அவ்வளவு பீப்பாவையும் ஒண்டாத் தள்ளச் சொல்லியிருக்கிறம். எல்லாம் ஒரே நீலம், ஒரே மூடி. ஒருத்தராலயும் பிரிச்சுப் பார்க்க ஏலாது.”

அவளுக்கு அது உறைக்க ஒரு கணம் எடுத்தது. “அப்ப நான் எப்பிடிப்பா பிரிச்சுப் பார்க்கிறது” என்று கேட்டபோது தொடர்பு அறுந்திருந்தது. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. தூரத்தில் மஞ்சள் புள்ளி கம்பியை விட்டு உள்ளே போனது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கப்பலின் பின்புறத்துக் கதவு இறங்கி, நீலமாக ஏதோ ஒன்று விழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு கடல் அந்தப் பக்கம் முழுக்க நீலத்தில் நீலமாகக் குதித்தது.

டானுத்தாவுக்கும் தம்பி சொல்லியிருந்தான். இருவரும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரின் விளிம்பில் நின்றார்கள். கடல் அன்றைக்கு என்ன நினைத்ததோ, ஒரு பீப்பாவையும் வைத்துக்கொள்ளவில்லை, ஒன்றும் தடக்குப்படவில்லை, பீப்பாக்கள் தலையை ஆட்டி ஆட்டி வந்தன. அதைப் பார்த்து மெற்றில்டா பாசையூர்க் கரையில் தொடங்கி வைத்த அத்தனை செபத்தையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஆனால் வந்தவை ஒரே இடத்துக்கு வரவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, கண் போகிற தூரம், கரை நீளத்துக்கும் ஒதுங்கின. இவ்வளவு பெரிய ஒதுக்கு இதுவரை வந்ததில்லை என்று ஊர் திரண்டு ஓடிவந்தது, உழவு இயந்திரங்கள் மணலில் உறுமின, பள்ளிக்கூடத்தில் மணியடிக்க முன்னமே பிள்ளைகளை விட்டார்கள்.

மெற்றில்டா முதல் பீப்பாவைக் கட்டிப்பிடித்துத் தட்டினாள். “இஞ்சருங்கோ” என்றாள். பதிலில்லை. அடுத்ததைத் தட்டினாள். பெயரைச் சொல்லித் தட்டினாள், கலியாணம் கட்டிய காலத்திலிருந்து ஒருநாளும் வாயால் சொல்லாத பெயரை, சொல்லிச் சொல்லித் தட்டினாள். அங்கால் டானுத்தா தன் மொழியில் அழைத்து அழைத்துத் தட்டினாள். காற்றும் இயந்திரமும் சனத்தின் சந்தோசமும் போட்ட இரைச்சலில், உள்ளேயிருந்து எவன் முனகினாலும் கேட்கிற நிலை இல்லை. மூடியோடு மல்லுக்கட்டி நகம் பிய்ந்து ஒன்றைத் திறந்தாள். கோவா ஊறுகாய். புளித்த தண்ணீர் சேலையில் ஊற்றியது. பச்சைச் சட்டைக் காவலன் ஒருவன் ஓடிவந்து, திறந்தால் வரி அம்மா, வாசிக்கத் தெரியாதா என்று பலகையைக் காட்டினான். அவனை அவள் தள்ளினாள். “ஆள் இருக்கு, உள்ளுக்கு ஆள் இருக்கு” என்று அவனுடைய ஆங்கிலத்தில் சொன்னாள், மதர் சுப்பீரியர் மெச்சியிருக்கக்கூடிய சுத்தமான ஆங்கிலத்தில். அவன் தன் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எதிர்ப்பக்கம் நடந்தான்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கவே பீப்பாக்கள் உருண்டன. உழவு இயந்திரங்களின் இழுவைப் பெட்டிகளில் ஏறின. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டப்பட்டன, சில தலைகீழாக. ஒரு இயந்திரம் நிறைந்து களஞ்சியத்துக்குப் புறப்பட, அந்த இடத்துக்கு மற்றது வந்து நின்றது. குணசீலன் பீப்பாவுக்குப் பீப்பா நின்று விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு போனார். ஒன்றில் மட்டும் கொஞ்சம் அதிகநேரம் காதை வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, கடலைப் பார்த்து, கடைகள் இருந்த பக்கத்தைப் பார்த்து, அதற்கும் கையைக் காட்டினார்.

மெற்றில்டா ஈரச்சேலை காலைத் தடக்க ஓடிவந்து இயந்திரத்துக்கு முன்னால் மணலில் விழுந்து, எழும்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் அவளிடம் கடன் சீட்டுக்குச் சாமான் வாங்கியவர்கள், அவள் புருசன் எறிந்த முருங்கைக்காயைத் தின்றவர்கள். அவர்களுடைய கைகள் கயிற்றிலும் பீப்பாவிலும் இருந்தன.

“அண்ணை, எனக்கு ஒண்டும் வேண்டாம், சாமான் முழுக்க நீங்களே எடுங்கோ, வரியை நான் கட்டுறன்” என்றாள் குணசீலனிடம். “பூட்டுறதுக்கு முதல் ஒருக்காத் திறந்து பாருங்கோ.”